ஆக்சிலரேட்டரைத் திருகினால் வண்டி முக்குகிறதா? பாலாற்று மணலில் கற்ற சில வைத்தியங்கள்

காட்பாடிப் பக்கம் பாலாற்றில் இறங்கி நூறு அடி மணலில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது புரியும். முன் சக்கரம் புதையப் பார்க்கிறது. புதையாமல் இருக்க உடனே ஆக்சிலரேட்டரைத் திருக வேண்டும். திருகுகிறீர்கள். வண்டி ‘ப்வா...’ என்று மூச்சு வாங்குகிறது, அரை நொடி சும்மா நிற்கிறது, அப்புறம் நினைத்துக்கொண்டது போலப் பாய்கிறது. அந்த அரை நொடிக்குள் நீங்கள் மணலில் உட்கார்ந்திருப்பீர்கள்.

எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் இதற்குப் பெயர் ‘முக்குது’. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐடிலிங் (திருகாமல் விட்டால் எஞ்சின் ஓடும் நிலை) சீராக இருக்கும், மெதுவாகத் திருகினால் ஒழுங்காகப் போகும். சட்டென்று திருகினால்தான் முக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் டர்ட் பைக் (மண்பாதையில் ஓட்டும் பைக்) வாங்கிய புதிதில் எல்லோருக்கும் வரும் தலைவலி இது. பெரும்பாலானவர்கள் முதலில் செய்கிற காரியம் மெயின் ஜெட்டை மாற்றுவது. ஜெட் என்பது பெட்ரோல் வரும் அளவைத் தீர்மானிக்கும், துளை போட்ட சின்னப் பித்தளைத் துண்டு. நானும் அதைத்தான் செய்தேன்.

என் வண்டி பழைய கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி. இரண்டு மாதம் ஓட்டாமல் சாத்துவாச்சாரி வீட்டில் நிறுத்தியிருந்தேன். எடுத்த அன்றே முக்கல். ஒரு பட்டறையில் பெரிய மெயின் ஜெட் போட்டார்கள், போகவில்லை. இன்னொரு இடத்தில் பிளக், காயில் இரண்டும் மாற்றினார்கள், அப்போதும் போகவில்லை. கடைசியில் ஒரு வயதான மெக்கானிக் அண்ணன் வண்டியின் அடியில் குனிந்து பார்த்தார். கார்புரேட்டரிலிருந்து தொங்கும் மெல்லிய ரப்பர் குழாய்களில் ஒன்றை இழுத்து என் கையில் கொடுத்து, “ஊது தம்பி” என்றார். ஊதினேன், காற்று போகவில்லை. குழாயின் வாயில் மண்குளவி கூடு கட்டியிருந்தது. குண்டூசியால் குத்தி எடுத்தபோது உள்ளங்கையில் ஒரு சிட்டிகை காய்ந்த களிமண் விழுந்தது, அவ்வளவுதான். வண்டி அன்றைக்கே சரியாகிவிட்டது. ஜெட், பிளக், காயில் செலவு என் கணக்கில்.

அதனால் இந்தக் கட்டுரையில் கார்புரேட்டரைத் திறப்பது பாதிக்கு மேல்தான் வரும். அதற்கு முன்னால் வெளியே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

ஏன் முக்குகிறது?

எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது கார்புரேட்டரின் தொண்டையில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுதான் கார்புரேட்டரின் அடியில் இருக்கும் பெட்ரோல் கிண்ணத்திலிருந்து பெட்ரோலை மேலே இழுக்கிறது. மெதுவாகத் திருகினால் காற்றும் பெட்ரோலும் சேர்ந்தே கூடும். சட்டென்று முழுக்கத் திருகினால் கார்புரேட்டரின் காற்றுக் கதவு அகலத் திறந்துகொள்ளும். எஞ்சின் இன்னும் குறைந்த சுற்றில்தான் இருக்கிறது, உறிஞ்சும் வேகம் விழுந்துவிடும். காற்று இலேசானது, உடனே ஓடிவரும். பெட்ரோல் கனமானது, ஒரு அடி பின்னால்தான் வரும். அந்த இடைவெளியில் எஞ்சினுக்குக் கிடைப்பது வெறும் காற்று. அதுதான் முக்கல்.

இந்த இயல்பான இடைவெளியைச் சமாளிக்கும்படிதான் வண்டியைச் செய்திருப்பார்கள். எங்காவது அடைப்போ காற்றுக் கசிவோ தேய்மானமோ சேர்ந்தால் அந்தச் சமாளிப்பு தோற்றுவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்காவது கியரில் எஞ்சின் அடிச்சுற்றில் திணறும்போது முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் நல்ல வண்டியும் முக்கத்தான் செய்யும். இரண்டாவது கியரில், கிளட்சைச் சற்றே பிடித்து, நடுச்சுற்றில் வைத்துத் திருகிப் பாருங்கள். அப்போது முக்கவில்லை என்றால் கோளாறு வண்டியில் இல்லை. மணல் ஓட்டப் பழகுபவர்களில் பலருக்கு இதுதான் விஷயம். சொன்னால் கோபம் வரும், எனக்கும் வந்தது.

முதலில் வெளியே

ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். பாலாற்று மணல் கண்ணுக்குத் தெரியும் மணல். அதோடு பவுடர் போல ஒரு புழுதியும் எழும், அதுதான் ஃபில்டரை அடைக்கிறது. அடைந்த ஃபில்டரால் காற்று குறைந்து பெட்ரோல் கூடிப்போகும். வண்டி கனமாக, இருமிக்கொண்டே போகும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்றால் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ அலசிவிட்டு, சோப்பு நீரில் பிழியாமல் அமுக்கிக் கழுவி, நிழலில் காய வையுங்கள். முறுக்கிப் பிழிந்தால் ஒட்டு விட்டுப்போகும். பெட்ரோலில் கழுவாதீர்கள். தீ அபாயம் ஒரு பக்கம், ஸ்பாஞ்சும் நைந்துபோகும். நன்றாகக் காய்ந்த பிறகு ஃபில்டர் ஆயிலை ஊற்றிப் பிசைந்து, உபரியை அமுக்கி எடுத்துவிடுங்கள். பேப்பர் ஃபில்டரைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் பிக்கப் வருகிறதே என்று சிலர் மகிழ்வார்கள். அந்த மகிழ்ச்சி பிஸ்டன் ரிங் தேயும்வரைதான்.

அடுத்து பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஒரு அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியில் இது சாதாரணம். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கும். எஞ்சின் ஆறியபின் ஒரு கண்ணாடி பாட்டிலை அடியில் பிடித்து அதைத் திறந்துவிடுங்கள். பாட்டிலைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் கண்ணாடிக் குண்டு போல ஒரு துளி தனியாக உருண்டுகொண்டிருந்தால் அது தண்ணீர். பழுப்பாக, பழைய வார்னிஷ் வாடையோடு வந்தால் பெட்ரோல் கெட்டுவிட்டது. இரண்டில் எது என்றாலும் டேங்கைக் காலி செய்து புதிய பெட்ரோல் ஊற்றிவிட்டு மேலே போங்கள். இந்த வேலையை வீட்டுக்குள் செய்யாதீர்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு, மின்விசிறி சுவிட்ச் எதுவும் இருக்கக் கூடாது.

எத்தனாலால் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு பங்கு பெட்ரோல் எரிய ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அதாவது எத்தனால் கலந்த எரிபொருளைக் கொஞ்சம் அதிகமாகவே ஊற்ற வேண்டும். பழைய கார்புரேட்டருக்கு அது தெரியாது, பழைய அளவிலேயே ஊற்றும். ஏற்கெனவே பெட்ரோல் குறைவாக ஓடிக்கொண்டிருந்த வண்டி இப்போது கூடுதலாக முக்கும்.

டேங்க் மூடியைப் பாருங்கள். அதில் காற்று நுழைய ஒரு துளை உண்டு. அது அடைத்தால் பத்து நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம் முக்கி நின்றுவிடும். நின்றவுடன் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும். அப்படிப் போனால் திருடன் கிடைத்துவிட்டான். அப்புறம் நம் குளவிக் குழாய்கள். கார்புரேட்டரிலிருந்து தொங்கும் காற்றுக் குழாய்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஊதிப் பாருங்கள். சேற்றில் இறங்கும் வண்டியில் அவற்றின் நுனி சேற்றாலும் அடைபடும்.

எஞ்சினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய் அடுத்தது. நம் ஊர் வெயிலில் இது காய்ந்து வெடிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, கையால் வளைத்தால்தான் கீறல் வாய் திறக்கும். கிளிப்பையும் இறுக்கிப் பாருங்கள். எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது அந்த இணைப்பைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சத்தம் மாறுகிறதா என்று கவனியுங்கள். மாறினால் அங்கே காற்று கசிகிறது. சிலர் இதற்குக் கார்ப் கிளீனர் ஸ்பிரே அடிப்பார்கள். சூடான சைலன்சர் பக்கத்தில் அதைச் செய்ய எனக்குத் தைரியம் கிடையாது.

பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். மூக்கு காபிப்பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். ஆக்சிலரேட்டர் கேபிளில் இரண்டு மூன்று மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பும்போது எஞ்சின் சத்தம் ஏறக் கூடாது.

டேப்பட்டை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. ஃபோர் ஸ்ட்ரோக் டர்ட் பைக்குகளில், அதிலும் பந்தய வகையில், வால்வு மெல்ல மெல்ல மேலே ஏறி இடைவெளி குறைந்துகொண்டே வரும். சூடானபின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது, ஐடிலிங் தாறுமாறாவது, குறைந்த திருகலில் முக்குவது எல்லாம் இதனால் வரலாம். இடைவெளி கூடினால் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்கும், யாராவது கவனித்துவிடுவார்கள். குறைந்தால் சத்தமே வராது, அதுதான் ஆபத்து. எஞ்சின் முழுக்க ஆறிய நிலையில், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சத்தில் இருக்கும்போது ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) விட்டு அளக்க வேண்டும். அளவு வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். புதியவர் என்றால் முதல் தடவை மெக்கானிக் அண்ணன் பக்கத்தில் நின்று பாருங்கள்.

எந்தத் திருகலில் முக்குகிறது?

இவ்வளவும் பார்த்தும் போகவில்லை என்றால்தான் கார்புரேட்டர். அதையும் உடனே கழற்றாதீர்கள். ஒரு துண்டு பேப்பர் டேப்பை ஆக்சிலரேட்டர் பிடியில் ஒட்டுங்கள், இன்னொன்றை அதன் பக்கத்தில் அசையாத பகுதியில் ஒட்டுங்கள். பிடி மூடியிருக்கும்போது இரண்டிலும் நேராக ஒரு கோடு போடுங்கள். பிறகு கால், அரை, முக்கால், முழு என்று அசையாத டேப்பில் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது ஓட்டிப் பாருங்கள். கோடு எங்கே இருக்கும்போது முக்குகிறது?

மூடியதிலிருந்து அரைக்கால்வரை (எட்டில் ஒரு பங்கு) ஸ்லோ ஜெட்டும், அதாவது ஐடிலிங்குக்கான சின்ன ஜெட்டும், அதன் திருகும் ஆள்கின்றன. அங்கிருந்து கால்வரை காற்றுக் கதவான ஸ்லைடின் அடியில் வெட்டியிருக்கும் சாய்வு. காலிலிருந்து முக்கால்வரை ஸ்லைடில் தொங்கும் ஊசி. முக்காலிலிருந்து முழுசுவரை மெயின் ஜெட். எல்லைகள் கோடு போட்டது போல இருக்காது, ஒன்றின் மேல் ஒன்று படியும். ஆனாலும் இவ்வளவு தெரிந்தாலே போதும், அரைக்கால் முக்கலுக்கு மெயின் ஜெட் மாற்றுகிற என் முட்டாள்தனத்தை நீங்கள் செய்ய மாட்டீர்கள்.

அடுத்த கேள்வி, பெட்ரோல் குறைவா, அதிகமா? குறைவு என்றால் முக்கல் வறண்டிருக்கும். திடீரென்று ஆளே இல்லாதது போல எஞ்சின் வெறுமையாகும், ஆக்சிலரேட்டரை விடும்போது சைலன்சரில் பட்டாசு வெடிக்கும். அதிகம் என்றால் சத்தம் ஈரமாக, தொண்டையில் சளி கட்டியது போல இருக்கும், கறுப்புப் புகை வரும். காது இன்னும் பழகவில்லை என்றால் இரண்டு சோதனைகள் உண்டு. முக்கும்போது சோக்கைக் கொஞ்சம் இழுங்கள், அது கலவையில் பெட்ரோலைக் கூட்டும். நன்றானால் பெட்ரோல் குறைவு, மோசமானால் அதிகம். இரண்டாவது எனக்குப் பிடித்தது. ஓட்டிக்கொண்டே டேங்க் அடியில் இருக்கும் பெட்ரோல் குழாய்த் திருகை (டேப்) மூடிவிடுங்கள். கிண்ணத்தில் மட்டம் இறங்க இறங்க, நிற்பதற்கு முன் சில நொடி வண்டி தெளிவாக ஓடினால் பெட்ரோல் அதிகம் என்று பொருள். காலி மைதானத்தில் செய்யுங்கள், பெங்களூர் ஹைவேயில் வேண்டாம்.

கார்புரேட்டரைத் திறக்கும் நாள்

ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். பித்தளைத் திருகுகள் மிருதுவானவை, ஸ்க்ரூடிரைவர் தலைக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்றால் வழுக்கி வாய் போய்விடும். திருகைத் தொடும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்திவைத்த வண்டியில் பத்துக்கு எட்டு முறை குற்றவாளி ஸ்லோ ஜெட்தான். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கழற்றி வெயிலுக்கு நேராகக் கண்ணில் வைத்துப் பாருங்கள். முழு வட்டமாக ஒளி தெரிய வேண்டும். பிறை போலத் தெரிந்தாலும் அடைப்புதான். கார்ப் கிளீனர் அடித்து ஊறவிட்டு, பக்கத்துப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய்க் காற்று அடித்துத் தரச் சொல்லுங்கள். ஜெட்டை விரலால் இறுக்கிப் பிடியுங்கள், காற்று வேகத்தில் பறந்து சாக்கடையில் விழுந்தால் அப்புறம் தேட வேண்டியதுதான். இரும்புக் கம்பி, ஊசி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதானால் அது வேறு ஜெட். மீன் பிடிக்கும் நைலான் நரம்பு போதும்.

மாட்டியபின் ஸ்லோ திருகைச் சரிபார்க்க வேண்டும். ஸ்லைடுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருந்தால் அது பெட்ரோல் திருகு, வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது ஏர் திருகு, வெளியே திருகினால் காற்று கூடும். இரண்டும் நேர் எதிர். புதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். எஞ்சின் நன்றாகச் சூடானபின் கால் சுற்று இங்கே, கால் சுற்று அங்கே என்று திருகி, ஐடிலிங் எங்கே அதிகமாக ஏறுகிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு ஐடிலிங்கைப் பழைய அளவுக்கு இறக்குங்கள். பெட்ரோல் திருகை மூன்று சுற்றுக்கு மேல் எடுத்தால்தான் நன்றாக இருக்கிறது என்றால் ஸ்லோ ஜெட் ஒரு எண் பெரிதாக வேண்டும். ஒரு சுற்றுக்குள்ளேயே நன்றாக இருந்தால் ஒரு எண் சிறிதாக.

நடுத்திருகலில் முக்கினால் ஊசி. அதன் தலையில் சில பள்ளங்களும் ஒரு கிளிப்பும் இருக்கும். கிளிப்பைக் கீழ்ப்பள்ளத்துக்கு இறக்கினால் ஊசி மேலே ஏறும், பெட்ரோல் கூடும். மேல்பள்ளத்துக்கு ஏற்றினால் குறையும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு பள்ளம். சில சாலை வண்டிகளில் பள்ளமே இல்லாமல் ஒரே நிலையில் ஊசி வரும். மெயின் ஜெட் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, முழுத்திருகலில் மட்டும் குறை இருந்தால் ஒரு எண் மாற்றிப் பாருங்கள்.

சட்டென்று அடித்துத் திருகும்போது மட்டும் முக்கினால் ஆக்சிலரேட்டர் பம்ப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2000-களில் வந்த யமஹா ஒய்.இசட்.250எஃப், ஹோண்டா சி.ஆர்.எஃப்.250ஆர், கவாஸாகி கே.எக்ஸ்.250எஃப் போன்ற பந்தய வண்டிகளில் கெய்ஹின் எஃப்.சி.ஆர். கார்புரேட்டர் இருக்கும். திருகியவுடன் ஒரு பீச்சு பெட்ரோலை நேராகத் தொண்டைக்குள் அடிக்கும் பம்ப் அதில் உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு, ஃபில்டர் பக்கத்தைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே ஆக்சிலரேட்டரைத் திருகுங்கள். பீச்சு உடனே வர வேண்டும், ஸ்லைடில் மோதாமல் நேராகப் போக வேண்டும், ஒரு நொடிக்குள் முடிய வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் கிண்ணத்தின் அடியில் இருக்கும் பம்ப் டயஃப்ரம் காய்ந்திருக்கும், அல்லது அதன் வழி அடைத்திருக்கும். இத்தகைய வண்டிகளை ரோட்டில் பதிவு செய்ய முடியாது, குட்டியானையில் ஏற்றித்தான் மைதானத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

வேக்குவத்தில் ஸ்லைடு ஏறும் வகைக் கார்புரேட்டர் என்றால், மேல் மூடியைத் திறந்து கறுப்பு ரப்பர் டயஃப்ரமை எடுத்து வெயிலில் விரித்துப் பாருங்கள். ஊசிமுனைத் துளை இருந்தால்கூட ஸ்லைடு சரியாக ஏறாது. மாட்டும்போது ஓரம் மடங்காமல் பள்ளத்தில் உட்கார வேண்டும். அவசரத்தில் நசுக்கிவிட்டால் புதிது வாங்க வேண்டிவரும்.

ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியா?

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 உட்பட அநேகமாக எல்லாம் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. இதில் ஜெட் கிடையாது, எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் இன்ஜெக்டர்தான் பெட்ரோலைப் பீச்சும். ஆனால் ஃபில்டர், பிளக், கேபிள், டேப்பட், ரப்பர் குழாய் எல்லாம் மேலே சொன்னது போலத்தான். கூடுதலாகப் பேட்டரியைப் பாருங்கள், வோல்டேஜ் விழுந்தால் பம்ப்பும் இன்ஜெக்டரும் சோர்ந்துபோகும். திராட்டில் பாடியில் (காற்றுக் கதவு இருக்கும் பகுதி) கரி படிந்திருந்தால் மெல்லிய துணியால் துடைக்கலாம். மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிந்தால் சர்வீஸ் சென்டரில் வண்டி பதிந்துவைத்திருக்கும் பிழைக் குறியீட்டைப் படித்துப் பார்ப்பதே மலிவு. சென்சார் ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுப் பார்க்காதீர்கள்.

கத்திரியும் ஏலகிரியும்

மார்கழி காலையில் 20 டிகிரியில் டியூன் செய்த கார்புரேட்டர் வண்டி, கத்திரியில் 42 டிகிரியில் அதே போல ஓடாது. சூடான காற்று மெலிந்துபோகும். அந்த 22 டிகிரியில் காற்றின் அடர்த்தி சுமார் 7 சதவீதம் குறைகிறது. பெட்ரோல் பழைய அளவிலேயே வருவதால் கலவை கனத்துவிடும். மலையேறினாலும் இதே கதைதான். வேலூரிலிருந்து ஏலகிரிக்குப் போய் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, ஆயிரம் மீட்டருக்கு மேல் வந்ததும் வண்டி கொஞ்சம் மந்தமாகிவிடும். கவிஞர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த வளைவுகள் அவை. கீழே துள்ளிக்கொண்டிருந்த என் வண்டி பாதி வளைவுகள் தாண்டியதும் சளி பிடித்தது போல இருமத் தொடங்கும். அங்கே நின்று ஜெட் மாற்றுவது வீண் வேலை. பெட்ரோல் திருகை அரைச் சுற்று உள்ளே விட்டுப் பாருங்கள். இறங்கியதும் மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், இல்லாவிட்டால் கீழே பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடாகும். இன்ஜெக்ஷன் வண்டியில் காற்றழுத்தத்தை அளந்து அதுவே சரிசெய்துகொள்ளும்.

அமிர்தி, ஜவ்வாதுப் பக்கம் சோதனை ஓட்டம் போகலாமா என்று கேட்பார்கள். அங்கே பெரும்பகுதி காப்புக்காடு, அனுமதியில்லாமல் இறங்கினால் வனத்துறை அபராதம் போடும், வண்டியையும் எடுத்துப் போகலாம். தெரிந்தவர் தரிசு நிலம், நாலு பேர் பார்வையில் இருக்கும் மைதானம், இவை போதும். ஹெல்மெட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, ஒரு மாற்றத்துக்கு ஒரு ஓட்டம் என்று ஓட்டிப் பாருங்கள். இரண்டு விஷயத்தை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

என் வண்டியின் ஏர் ஃபில்டர் மூடிக்கு உள்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். ‘ஜனவரி: 2 சுற்று, ஊசி நடுப்பள்ளம். மே: ஒன்றேமுக்கால், அதே பள்ளம்.’ அதற்குக் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில், ‘குழாயை ஊது’.